மனத்தாங்கலைத் தீர்ப்பது எப்படி: தவறு உங்கள் பக்கம் இருக்கும்போது செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஒருவர் மனத்தைப் புண்படுத்திவிட்டோம் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் நேராகப் போய் "மன்னிச்சிடு" என்கிறார்கள். அது எடுபடாமல் போனால் அடுத்தவருக்குக் கல் மனசு என்று முடிவுகட்டுகிறார்கள். பல நேரம் சிக்கல் அங்கே இல்லை. ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தவறு முழுவதுமோ பெரும்பகுதியோ உங்களுடையதாக இருந்து, அந்த உறவு உங்களுக்கு வேண்டும் என்றால் இந்த வழிகாட்டி பொருந்தும். அடி, மிரட்டல், தொடர்ந்த கொடுமை இருக்கும் இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புதான் முதல் வேலை. அவரை நெருங்காமல் இருப்பதே பல நேரம் சரியான செயல்.

விளங்குவதற்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். உங்களோடு வேலை பார்க்கும் நண்பர், தான் வேறு வேலை தேடுவதை உங்களிடம் மட்டும் சொல்கிறார். நீங்கள் அதை இன்னொருவரிடம் சொல்லிவிடுகிறீர்கள். செய்தி மேலாளர் காதுக்குப் போகிறது. நண்பருக்குத் தருவதாக இருந்த பொறுப்பு கைமாறிப் போகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளும் பேனாவும். மனத்துக்குள்ளேயே யோசித்தால் நமக்குச் சாதகமான பகுதிதான் திரும்பத் திரும்ப ஓடும். எழுதினால்தான் விட்டுப்போனது கண்ணில் படும்.

யாரும் குறுக்கிடாத முக்கால் மணி நேரம். பேசுவதற்கு இரண்டு நிமிடம் போதும், மீதி நேரம் கேட்பதற்கு.

எழுதியதைப் படித்துப் பார்க்க ஒருவர். அவருக்கு உங்கள் நண்பரைத் தெரிந்திருக்கக் கூடாது. இருவருக்கும் பொதுவானவரிடம் காட்டினால், விஷயம் இன்னும் ஒரு வாய்க்குப் போகும். நம் எடுத்துக்காட்டில் அது அதே தவறை இரண்டாம் முறை செய்வதாகிவிடும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் நீங்களே படியுங்கள்.

இழப்பை ஈடுகட்டச் செலவிட வேண்டிய பணமோ நேரமோ உங்களிடம் இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாததை அந்தச் சூட்டில் ஒப்புக்கொண்டு பிறகு பின்வாங்கினால், முதல் காயத்தைவிட அது ஆழமாகப் போகும்.

பரிசுப் பொருள், துணைக்கு ஒரு ஆள், "இன்றைக்கே சரியாகிவிடும்" என்ற நினைப்பு, இந்த மூன்றையும் கூட எடுத்துப் போகாதீர்கள். பரிசைப் பார்த்தால் வாயடைக்க வந்தது போலிருக்கும். துணைக்கு ஆள் வந்தால் அவர் மனம்விட்டுத் திட்டக்கூட முடியாது.

## 1. உடம்பு ஆறும்வரை பேச்சை எடுக்காதீர்கள்

சண்டை நடந்த கையோடு மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு சண்டையாக முடிய வாய்ப்பு அதிகம். தம்பதியரின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கவனித்த உளவியலாளர் ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்குப் படபடப்பு ஏறிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார். அப்போது குறைந்தது 20 நிமிட இடைவெளி எடுக்கச் சொல்கிறார்.

அந்த 20 நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அவர் அப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்" என்று ஒத்திகை பார்த்தால் உடம்பு ஆறவே ஆறாது. நடங்கள், பாத்திரம் கழுவுங்கள், எதையாவது படியுங்கள்.

எவ்வளவு தள்ளிப்போடலாம்? காலை மிதித்தது, சந்திக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தது போன்ற சிறு பிசகுகளுக்கு அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கனமான தவறுக்கு ஓரிரு நாள். இதற்குக் காரணம் உண்டு. மன்னிப்புக் கேட்கும் நேரத்தைப் பற்றி 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சிந்தியா ஃபிரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் இருவரும், வெகு சீக்கிரம் வந்த மன்னிப்பைவிடச் சற்றுத் தாமதித்து வந்த மன்னிப்பே பாதிக்கப்பட்டவருக்கு நிறைவு தந்தது என்று கண்டார்கள். தன் குறையைச் சொல்லி, அது எதிராளிக்குப் புரிந்தது என்று உணர அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

ஆனால் ஓரிரு நாள் என்பது மௌனமாகக் கிடப்பதற்கு இல்லை. மௌனத்தை அவர் அலட்சியம் என்றுதான் படிப்பார். அன்றைக்கே ஒரு வரி போக வேண்டும்:

"நான் செஞ்சது தப்புன்னு தெரியுது. சாக்கு சொல்ல வரல. நாளைக்கோ மறுநாளோ உனக்கு எப்ப முடியுமோ அப்ப நேர்ல பேசணும்."

இதற்குமேல் ஒரு வார்த்தையும் அந்தச் செய்தியில் வேண்டாம். நீண்ட செய்தி அனுப்பினால் அவர் அதை நள்ளிரவில் தனியாக, வரிவரியாகப் படித்துக்கொண்டிருப்பார்.

## 2. செய்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நான்" என்று தொடங்க வேண்டும். நீங்கள் செய்த செயல் வினையாக வர வேண்டும். யாரிடம், எதை என்பதும் இருக்க வேண்டும்.

தவறான வடிவம்: "விஷயம் எப்படியோ வெளிய வந்துடுச்சு."

தவறான வடிவம்: "பேச்சுவாக்குல சொல்ல வேண்டியதாப் போச்சு."

சரியான வடிவம்: "நீ வேற வேலை தேடறதை, யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீ சொல்லியும், நான் போய் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்."

முதல் இரண்டிலும் செய்த ஆளே இல்லை. விஷயம் தானாக வந்தது, நிலைமை தானாக அமைந்தது. தமிழில் இப்படிப் பேசுவது நாக்குக்கு மிகச் சுலபம். "ஆயிடுச்சு", "போயிடுச்சு", "தெரிஞ்சுபோச்சு" என்று முடித்தால் குற்றவாளியே இல்லாமல் குற்றத்தை விவரித்துவிடலாம். பாதிக்கப்பட்டவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். அவருக்குத் தெரிய வேண்டியதே செய்தது யார் என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்கிறீர்களா என்பதுதான்.

எழுதிய பிறகு மூன்று வகைச் சொற்களைத் தேடி அடியுங்கள். ஒன்று, "ஆனா", "இருந்தாலும்". அதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் அது துடைத்துவிடும். இரண்டு, "உனக்கு வருத்தமா இருந்தா" என்பதில் வரும் "இருந்தா". வருத்தம் கண்ணெதிரே தெரியும்போது அதைச் சந்தேகத்துக்கு உட்படுத்துகிறது அந்தச் சொல். மூன்று, "லேசா", "சும்மா", "தெரியாம" போன்ற எடை குறைக்கும் சொற்கள். உண்மையிலேயே தெரியாமல் செய்திருந்தால் அதை அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை, எழுதும்போதெல்லாம் கை "ஆனா"வுக்கே போகிறது என்றால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை. ஒரு நாள் கழித்து மீண்டும் எழுதிப் பாருங்கள்.

## 3. அவர் என்னென்ன இழந்தார் என்று பட்டியலிடுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தாளில் நான்கு தலைப்பு போடுங்கள்: பணம் அல்லது பொருள், நேரம் அல்லது வாய்ப்பு, பெயர், நம்பிக்கை.

எடுத்துக்காட்டில் வாய்ப்பு என்ற தலைப்பின் கீழ், கைமாறிப்போன பொறுப்பு வரும். பெயர் என்பதில், "போகப்போகிற ஆள்" என்று அலுவலகம் இனி அவரைப் பார்க்கும் பார்வை. நம்பிக்கை என்பதில், மனம்விட்டுப் பேச இருந்த ஓர் ஆள் அவருக்கு இல்லாமல் போனது. பணம் என்பதில் இப்போதைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். பொறுப்போடு சம்பள உயர்வும் வருவதாக இருந்ததா என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

ஏன் இத்தனை பாடு? ஒரே சம்பவம் செய்தவருக்கும் பட்டவருக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் தங்களைக் கோபப்படுத்திய ஒரு சம்பவத்தையும், தாங்கள் பிறரைக் கோபப்படுத்திய ஒரு சம்பவத்தையும் எழுதச் சொன்னார்கள். தாங்கள் செய்ததைப் பற்றி எழுதும்போது அது தனித்த ஒரு நிகழ்ச்சி, முடிந்துபோன கதை என்ற தொனி வந்தது. தாங்கள் பட்டதைப் பற்றி எழுதும்போது விளைவுகள் இன்னும் தொடர்ந்தன, பின்னால் ஒரு வரலாறும் இருந்தது.

ஆகவே உங்கள் கணிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பட்டியலில் உங்கள் நோக்கத்தை எழுத இடமே கிடையாது. நல்லெண்ணத்தில் செய்திருந்தாலும் அவருடைய பொறுப்பு கைமாறியதுதானே!

## 4. உங்கள் கையில் இருப்பதை முதலில் திருத்துங்கள்

பேசப் போகும் முன்பே செய்யக்கூடியவை சில இருக்கும். வாங்கிய பொருள், கொடுக்க வேண்டிய பாக்கி, இணையத்தில் போட்ட பதிவு, குழுவில் அனுப்பிய படம் போன்றவை. அவற்றை முடித்துவிட்டுப் போனால் உங்கள் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும்.

எல்லை ஒன்று உண்டு. உங்கள் செயலை நிறுத்துவது, உங்கள் பதிவை நீக்குவது போன்றவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம். அவருடைய பெயரையோ அவருடைய வாழ்க்கையையோ தொடும் எதையும் அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பக்கத்து சீட்டுக்காரரிடம் "இனி இதை யாரிடமும் பேச வேண்டாம்" என்று கேட்டுக்கொள்வது முதல் வகை. மேலாளரிடம் போய் "அவர் வேலையை விட மாட்டார்" என்று விளக்குவது இரண்டாம் வகை. நல்லது செய்வதாக நினைத்து இரண்டாம் வகையில் இறங்குபவர்கள், அவர் வாயில் வராத வார்த்தைகளை மறுபடியும் வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள்.

## 5. இடமும் நேரமும் அவர் கையில் இருக்கட்டும்

நேரில், தனியாக, உட்கார்ந்து. முடிந்தவரை இதுவே வழி. எழுத்தில் தொனி போய்ச் சேராது. எழுதுபவருக்குத் தன் குரல் தன் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறார். மின்னஞ்சல் பற்றி 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட சோதனைகளில் இந்தத் தவறான நம்பிக்கை தெளிவாகவே தெரிந்தது.

அழைக்கும்போது மூன்று தகவல் சொல்லுங்கள்: எதைப் பற்றி, எவ்வளவு நேரம், மறுக்கலாம் என்பது. "அந்த விஷயமாத்தான் பேசணும். அரை மணி நேரம் போதும். இப்ப வேணாம்னா அதுவும் சரி." எதைப் பற்றி என்று சொல்லாமல் "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று மட்டும் சொன்னால், சந்திக்கும்வரை அவர் மனம் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்.

வேலைக்குக் கிளம்பும் நேரம், தூங்கப் போகும் நேரம், நாலு பேர் கூடியிருக்கும் விசேஷம், வண்டி ஓட்டும்போது, இவை ஒன்றும் ஆகாது. எழுந்து போக அவருக்கு வழி இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரவழைப்பதைவிடப் பொது இடமோ அவர் இடமோ மேல். போனைக் கவிழ்த்து வைப்பதோடு நிற்காமல் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

தவறு பலர் முன்னிலையில் நடந்திருந்தால், முதலில் தனியாகப் பேசிவிட்டுப் பிறகு அதே ஆட்கள் முன்னிலையில் ஒரு முறை சொல்ல வேண்டும். கூட்டத்தில் அவமானப்படுத்திவிட்டு மூலையில் மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. பலர் முன்னிலையில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரிடமே கேளுங்கள். சிலர் அந்தப் பேச்சே இனி எழக் கூடாது என்பார்கள்.

தூரத்தில் இருக்கிறார், அல்லது அழைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றால், கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம். எந்த வழியிலும் தொடர்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் கூடாது.

## 6. பேசும் வரிசை

2016-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளை எடைபோட்டார்கள்: வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. மிக முக்கியமாக நின்றது பொறுப்பை ஏற்பது. அடுத்தது ஈடுசெய்ய முன்வருவது. மன்னிக்கும்படி கேட்பதுதான் கடைசியில் வந்தது. நாமோ பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறோம்.

அதனால் பேச்சை இப்படி அடுக்குங்கள்: செய்த செயல், அதனால் அவருக்கு நேர்ந்தது, உங்கள் வருத்தம், ஈடு, இனி என்ன மாற்றம். எடுத்துக்காட்டில் அது இப்படி வரும்:

"நீ நம்பிச் சொன்னதை நான் போய் இன்னொருத்தர்கிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீ தெளிவா சொல்லியிருந்தே. அதனால உனக்கு வரவேண்டிய பொறுப்பு போச்சு. ஆபீஸ்ல எல்லாரும் உன்னை வேற மாதிரி பாக்கறாங்க. நம்பிப் பேச இருந்த இடமும் இல்லாமப் போச்சு. இதைவிட வேற ஏதாவது நடந்திருந்தா அது எனக்குத் தெரியல, நீ சொல்லு. நான் செஞ்சது துரோகம், அதுக்காக வருத்தப்படறேன். நீ சரின்னா மேலாளர்கிட்ட நானே போய், இந்தப் பேச்சைக் கிளப்பினது நான்தான், அதை வெச்சு உன்னை எடைபோட வேணாம்னு சொல்றேன். வேணாம்னா அவர்கிட்ட போகமாட்டேன். இனிமே யாராவது உன்னைப் பத்திக் கேட்டா, 'அவர்கிட்டயே கேளுங்க'ன்னு சொல்லி முடிச்சுக்குவேன்."

இரண்டு நிமிடத்துக்குள் முடியும். பிறகு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் மிகக் கடினமான பகுதி. அவர் உடனே பதில் சொல்லாத அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் "ஏன் சொன்னேன்னா..." என்று தொடங்கிவிடுகிறார்கள்.

செயலுக்கு அடுத்து இழப்பு ஏன் வருகிறது? உங்கள் வருத்தத்தை முதலில் சொன்னால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். அவருக்கு நேர்ந்ததை முதலில் சொன்னால், நீங்கள் எதற்காக வருந்துகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். "நடந்ததுக்கெல்லாம் சாரி" என்பதில் எதற்கு என்பதே இல்லை.

"இதைவிட வேற ஏதாவது நடந்திருந்தா" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டியல் முழுமையில்லை என்று ஒப்புக்கொள்ளும் வரி அது. பெரும்பாலும் உண்மையான காயம் அந்த இடத்தில்தான் வெளியே வரும். பொறுப்பு போனதைவிட, அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே விசாரித்ததுதான் அவரைக் குத்தியிருக்கலாம்.

விளக்கத்தை அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள், இரண்டு வாக்கியத்துக்குள். "எல்லாருக்கும் முன்னாடி எனக்கு விஷயம் தெரியும்னு காட்டிக்கணும்னு தோணிச்சு. அதுதான் காரணம்." இப்படி உங்களுக்கு அழகில்லாத காரணத்தைச் சொன்னால் நம்புவார்கள். உங்களை நல்லவராகக் காட்டும் காரணம் சாக்காகத்தான் கேட்கும்.

அழுகை வந்தால் தடுக்க முடியாது, ஆனால் அதை வளர்க்காதீர்கள். நீங்கள் அழுதால் ஆறுதல் சொல்லும் வேலை அவர் தலையில் விழும். "நான் மனுஷனே இல்ல", "என்னை மாதிரி ஒரு பாவி உண்டா" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் அப்படித்தான். "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று அவர் சொல்லியே ஆக வேண்டியதாகிவிடும், அவருடைய கோபம் சொல்லாமலே உள்ளே தங்கிவிடும். ஒரு செயலைத் தவறு என்று ஒப்புக்கொண்டால் போதும்.

## 7. அவர் பேசும்போது

இப்போது அவர் முறை. பழைய கணக்குகளும் சேர்ந்து வரும். போன ஆண்டு நடந்தது, நீங்கள் மறந்தே போனது, உங்களுக்குத் தெரியாமலே அவர் மனத்தில் கிடந்தது எல்லாம் வரலாம். இதை வழிதவறல் என்று நினைக்காதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்பதன் அறிகுறி அது.

விவரப் பிழைகளைத் திருத்தக் கூடாது. அவர் "செவ்வாய்க்கிழமை" என்பார், அது புதன்கிழமையாக இருக்கும். விடுங்கள். நீங்கள் திருத்தியவுடன் பேச்சு வழக்காடு மன்றமாகிவிடும். நீங்கள் செய்யாத பெரிய ஒன்றை உங்கள்மேல் ஏற்றி, அதை வைத்து அவர் ஒரு முடிவும் எடுக்கப் போகிறார் என்றால் மட்டும், அவர் முடித்த பிறகு அமைதியாக ஒருமுறை சொல்லுங்கள்.

இடையிடையே அவர் சொன்னதன் சாரத்தை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். "பொறுப்பு போனதைவிட நான் உன்கிட்ட வந்து சொல்லாம இருந்த அந்த ரெண்டு நாள்தான் உனக்கு அதிகம் வலிச்சிருக்கு." தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். "புரியுது, புரியுது" என்று தலையாட்டினால் புரிந்ததா என்று அவருக்குத் தெரியாது.

அவர் பதில் மூன்று விதமாக வரலாம். கோபம் வந்தால் இருந்து கேளுங்கள். கத்தல் அளவு மீறினால் "கொஞ்ச நேரம் கழிச்சு வரேன், கண்டிப்பா வருவேன்" என்று நேரம் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். மௌனம் வந்தால் "இப்பவே எதுவும் சொல்லணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு விடைபெறுங்கள்.

மூன்றாவது "பரவால்ல, விடு". ஏமாற வைப்பது இதுதான். உண்மையிலேயே ஆறிப்போய்ச் சொல்பவரும் உண்டு. பேச்சை முடித்தால் போதும் என்று சொல்பவரும் உண்டு. எதுவாக இருந்தாலும் உங்கள் பதில் ஒன்றே: "விடறதுக்கு நன்றி. ஆனா செய்யறேன்னு சொன்னதை நான் செஞ்சுடறேன்." "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டு வேறு பேச்சுக்குத் தாவினால், அவர் விட்டது உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று அன்றிரவே அவருக்குத் தோன்றிவிடும்.

அவர் பக்கமும் தவறு இருந்தால்? அதை இன்றைக்கு எடுக்காதீர்கள். ஒரு வாரமாவது போகட்டும். உங்கள் பங்கு தீர்ந்த பிறகு அதைத் தனிப் பேச்சாக, "எனக்கும் ஒண்ணு உறுத்திட்டு இருந்துச்சு" என்று தொடங்கலாம். இரண்டையும் ஒரே உட்காரலில் பேசினால் மன்னிப்பு பேரமாகிவிடும். பல நேரம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வராது. உங்கள் பங்கை முழுதாக ஏற்றதும் அவரே தன் பங்கை எடுத்துப் பேசத் தொடங்குவார்.

## 8. ஈடு

இழப்பு எந்த வகையோ ஈடும் அதே வகையில் இருக்க வேண்டும். பணம் போயிருந்தால் பணம், தேதி குறித்து. ஒரே தடவையில் முடியாவிட்டால் எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். நேரம் போயிருந்தால் உங்கள் நேரம்: அவர் திரும்பச் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நீங்கள் செய்வது. பெயர் போயிருந்தால், எந்த ஆட்களிடம் எந்த வழியாகக் கெடுத்தீர்களோ, அதே ஆட்களிடம் அதே வழியாகச் சரிசெய்வது. குழுவில் எழுதியதைத் தனித்தனியாகப் போனில் மறுத்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

பெயர் கெட்ட இடத்தில் விருந்து வைப்பதும், நம்பிக்கை உடைந்த இடத்தில் பரிசு கொடுப்பதும் ஈடாகாது.

செய்து முடித்ததும் ஒரே ஒரு முறை தகவல் சொல்லுங்கள். "மேலாளர்கிட்ட பேசிட்டேன், இதைத்தான் சொன்னேன்" என்று சொன்னது சொன்னபடி. அதற்குப் பிறகு அதை நினைவூட்டக் கூடாது, இன்னொருவரிடம் பெருமையாகச் சொல்லவும் கூடாது.

நம்பிக்கைக்கு மட்டும் நேரடி ஈடு கிடையாது. அதற்கு பத்தாவது படி.

## 9. காத்திருப்பு

இனி அவருடைய வேகம்தான் கணக்கு. "இன்னும் கோவமா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உங்கள் நிம்மதிக்காக அவரிடம் ரசீது கேட்பது போலாகும். வேலை நிமித்தமாகப் பேச வேண்டியதை இயல்பாகப் பேசுங்கள். கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவதும் தவறு. அது தண்டனை கொடுப்பது போலிருக்கும்.

மறுத்துவிட்டால் எத்தனை முறை முயல்வது? யூத நெறியில் பழைய விதி ஒன்று, தவறு செய்தவர் மூன்று முறை வரை போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குமேல் கடமை இல்லை என்கிறது. நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு அது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விடுங்கள். "இனிமேல் இதைப் பற்றி என்னிடம் பேசாதே" என்று அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டால் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூது அனுப்பாதீர்கள். "அவர் ரொம்ப வருத்தப்படறார், பேசிடேன்" என்று மூன்றாம் ஆள் போய்ச் சொன்னால் மன்னிக்காதவர்தான் குற்றவாளி என்றாகிவிடும்.

## 10. அதே சூழ்நிலை மறுபடி வரும்போது

"இனிமே கவனமா இருப்பேன்" என்பது வேலைக்காகாது. எந்த நொடியில் தவறினீர்கள் என்று கண்டுபிடித்து, அந்த நொடிக்கு முன்னால் ஒரு வேலி போட வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் ஆராய்ந்து காட்டிய முறை இதற்குப் பொருத்தம்: "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று சூழ்நிலையையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்து வைப்பது. பொதுவான உறுதிமொழியைவிட இது அதிகம் கைகொடுக்கிறது.

எடுத்துக்காட்டில் சறுக்கிய இடம் மதிய இடைவேளை. யாரோ "அவருக்கு என்னாச்சு, ஒரு மாதிரி இருக்காரே?" என்று கேட்டார்கள், பதில் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை வந்தது. ஆகவே வேலி: "யாராவது இல்லாத ஆளைப் பற்றிக் கேட்டால், 'அவர்கிட்டயே கேளுங்களேன்' என்பேன்." இந்த வாக்கியத்தை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். தேவைப்படும் நேரத்தில் புதிதாக யோசிக்க முடியாது.

உடைந்த நம்பிக்கை சிறு வாக்குகளால்தான் கட்டி எழுப்பப்படும். "நாளைக்கு அனுப்பறேன்" என்றால் நாளைக்கே. "ஆறு மணிக்கு" என்றால் ஆறு மணி. முன்பு இதெல்லாம் பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இப்போது அவர் கவனிப்பார். அதனால் வாக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். முடியாது என்று தோன்றுவதற்கு முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

## அடிக்கடி நேரும் சிக்கல்கள்

சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் உறவில் ஒரு விறைப்பு இருக்கிறது: இழப்புப் பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒரு மாதம் கழித்து, பேச்சு இயல்பாக இருக்கும் ஒரு நேரத்தில், "அந்த விஷயத்துல நான் கவனிக்காம விட்டது ஏதாவது இருக்கா?" என்று ஒருமுறை கேட்கலாம்.

மூத்தவர் இளையவரிடமோ, மேலதிகாரி கீழே வேலை செய்பவரிடமோ மன்னிப்புக் கேட்கும்போது: எதிரில் இருப்பவரால் மறுக்க முடியாது. "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வார். ஆகவே பதில் எதிர்பார்க்காமல் பேசிவிட்டு, ஈட்டில்தான் முழுக் கவனமும் வைக்க வேண்டும். பிள்ளைகளிடம் கேட்கும்போதும் இதுவே. "அப்பா கத்தினது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "நீயும் படிக்காம இருந்தேல்ல" என்று ஒட்டுப்போட்டால் முதல் பாதி போய்விடும்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன: வரிசை மாறாது, ஒன்று மட்டும் கூடும். போகும் முன், இந்தப் பேச்சு அவருக்கு உதவுமா, உங்கள் பாரத்தை இறக்கி வைக்க மட்டும்தானா என்று பாருங்கள். அவருக்கே தெரியாத ஒரு தீங்கைப் புதிதாகச் சொல்லப் போகிறீர்கள் என்றால், அதைத் தெரிந்துகொள்வதால் அவர் எடுக்கக்கூடிய நடவடிக்கை ஏதாவது இருக்க வேண்டும். இருந்தால் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், பேசாமல் ஈட்டை மட்டும் செய்யுங்கள்.

அவரே முன்வந்து பேசத் தொடங்கிவிட்டார்: எவ்வளவு தூரம் நெருங்குவது என்பதை அவர் முடிவுசெய்யட்டும். முன்பு தினமும் பேசியவர் இப்போது வாரம் ஒருமுறை பேசினால் வாரம் ஒருமுறையே பேசுங்கள். பழைய கேலியும் உரிமையும் அவர் பக்கத்திலிருந்து முதலில் வந்த பிறகு நீங்களும் தொடங்கலாம்.